ஒன்றரைக் கோடி டிவிப் பெட்டிகளின் கண்ணாடி எங்கே போகப்போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கழிவு பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் செல்போனும் கணினியும்தான் இடம்பெறுகின்றன. பழைய செல்போனில் தங்கம் இருக்கிறது, அதை வீணாக்குகிறோம் என்று எழுதுகிறோம். தங்கமோ செம்போ இருக்கும் பொருளைத் தேடி யாராவது ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். யாருமே தேடி வராத ஒரு பொருள் தமிழ்நாட்டின் பரண்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் கிடக்கிறது. பழைய டிவியின் பிக்சர் ட்யூப்தான் அது.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்ய, குடும்ப அட்டையின் பேரில் ஊர் ஊராக வழங்கப்பட்டவை. அந்தத் திட்டம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. பல வீடுகளுக்கு அதுதான் முதல் டிவி. ஆனால் உலகில் வேறெங்கும் ஒரு மாநில அரசே ஐந்தாண்டுக்குள் இத்தனை பிக்சர் ட்யூப்களை வீடுகளுக்குள் கொண்டுபோய் வைத்திருக்குமா என்பது சந்தேகம். எல்லாம் ஒரே அளவு, ஒரே காலத்தவை. ஆகவே எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் சாகின்றன. இன்று அவற்றுக்கு வயது 15 முதல் 20. கொடுத்த வழி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. திரும்பப் பெறும் வழி ஒன்று இன்றுவரை இல்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில்? ட்யூபின் கண்ணாடி முழுதும் ஒரே கண்ணாடி அல்ல. படம் தெரியும் முகப்பு, அதன் பின்னால் குறுகிக்கொண்டே போகும் புனல், எலெக்ட்ரான் கன் பொருத்திய கழுத்து என்று மூன்று பகுதிகள். வண்ண ட்யூபின் முகப்பில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் சேர்ந்திருக்கும். காரீயம் இருக்காது, இருந்தாலும் சொற்பம். புனலின் எடையிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரீய ஆக்சைடு. கழுத்தில் அதைவிடக் கூடுதல். முகப்பையும் புனலையும் ஒட்டவைத்த பற்றுக் கண்ணாடியில் முக்கால் பங்கு அதுவேதான். ட்யூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மோதும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது; அது பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் வெளியே வராமல் தடுக்கத்தான் இவ்வளவு காரீயம்.

காரீயம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசச் சொம்பு செய்வதும் வெள்ளீயம். அந்தப் பழக்கத்தில் ‘ஈயம்தானே’ என்று இதையும் விட்டுவிடுகிறோம். இது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தையின் ரத்தத்தில் இன்ன அளவுவரை இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

14 அங்குலப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 10 கிலோ. அதில் பாதி கண்ணாடி. புனல், கழுத்து, பற்று மூன்றிலும் உள்ள காரீயத்தைக் கால் கிலோ என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒன்றரைக் கோடிப் பெட்டிக்கு 75,000 டன் கண்ணாடி. அதற்குள் 3,750 டன் காரீயம். அரசு கொடுத்தவை மட்டுமே இவ்வளவு. மக்கள் தாமே வாங்கிய 21 அங்குல, 29 அங்குலப் பெட்டிகளும் கணினி மானிட்டர்களும் இந்தக் கணக்கில் வரவில்லை.

கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும் காரீயம் எப்படி வெளியே வரும் என்று கேட்கலாம். ட்யூப் உடையாமல் இருக்கும்வரை வராது. அதனால்தான் டிவி பார்த்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடைந்தால் கதை வேறு. கழிவு நச்சுள்ளதா என்று அறிய, நொறுக்கிய பொருளை வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றிச் சோதிப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் காரீயத்துக்கு மேல் கரைந்தால் அது ஆபத்தான கழிவு. புனல் கண்ணாடி இந்தச் சோதனையில் தோற்றுப்போகிறது. நம் குப்பைமேட்டில் அழுகும் சோறும் காய்கறியும் உண்டாக்குவதும் இதே வகை அமிலங்கள்தான். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. கிராமங்களில் பஞ்சாயத்துக் குப்பை கண்மாய்க் கரையில்தான் கொட்டப்படுகிறது. கண்ணாடித் துண்டு பார்வைக்குக் கல்லும் மண்ணும் போலவே இருப்பதால், பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும்போது கல், மண்ணோடு சேர்ந்து போய்விடும். அந்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறதோ அங்கே காரீயமும் போகும்.

இனி, பெட்டி செத்தபின் நடப்பதைப் பார்ப்போம். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய காலத்திலிருந்து நம் ஊர்களில் பொருள் சேகரிப்பைத் திறம்படச் செய்துவருபவர்கள் காயலான் கடைக்காரர்கள். அவர்களுக்கு இந்தப் பெட்டியில் தேவைப்படுவது யோக் காயிலில் (எலெக்ட்ரான்களைத் திரை முழுதும் வளைத்து ஓட்டும் காயில்) இருக்கும் செம்பு, திரையைச் சுற்றி ஓடும் டீகாஸ் காயில், ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர், பிளாஸ்டிக் கூடு, போர்டு. போர்டும் கணினிப் போர்டு போல மதிப்புள்ளது அல்ல. ஒரு பக்கம் மட்டும் செம்பு ஒட்டிய மலிவான பழுப்பு அட்டை. ஆக யோக்கில்தான் காசு. அது ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்கச் சுத்தியலால் கழுத்தில் ஒரு போடு போடுகிறார்கள். உள்ளே வெற்றிடம், காற்று பாய்ந்து கண்ணாடி தெறிக்கிறது. முகப்பின் உட்புறம் பூசிய பாஸ்பர் தூளும் பறக்கிறது. யோக் கைக்கு வந்ததும், மீதி ஐந்து கிலோ கண்ணாடிக்கு வாங்க ஆள் இல்லை. இரவில் எங்கேயாவது போய் விழுகிறது. இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தில் ஒரு பங்குக்குக் காசு கிடைக்கிறது, பாதிக்குச் செலவுதான் மிஞ்சுகிறது என்றால் யாராக இருந்தாலும் அந்தப் பாதியைத் தூக்கித்தான் எறிவார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கண்ணாடிக்கும் விலை இருந்தது. பழைய ட்யூபை உருக்கிப் புது ட்யூப் செய்தார்கள். காரீயம் கலந்த கண்ணாடியை மறுக்காமல் வாங்கிய ஒரே வாடிக்கையாளர் அந்த ஆலைகள்தான். எல்.சி.டி.யும் எல்.இ.டி.யும் வந்தபின் ட்யூப் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இன்று இரண்டே வழி. ஒன்று, காரீய உருக்காலையில் கசடைப் பிரிக்கப் போடும் மணலுக்குப் பதிலாகச் சேர்ப்பது. கண்ணாடியில் உள்ள காரீயம் அங்கே ஓரளவு மீளும். ஆனால் உலைக்கு எவ்வளவு மணல் தேவையோ அவ்வளவு கண்ணாடியைத்தான் ஏற்கும். மற்றது, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயகரக் கழிவுக்கான பாதுகாப்பான நிலநிரப்பு. இரண்டுக்கும் பணம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஹாலோ பிளாக்கில் கலக்கலாம், தார் ரோட்டில் போடலாம் என்று அவ்வப்போது யோசனைகள் வருகின்றன. முகப்புக் கண்ணாடியை மட்டும் தனியே பிரித்து, எக்ஸ்-கதிரைப் பாய்ச்சித் தனிமங்களைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்-ஆர்.எஃப். கருவியால் காரீயம் இல்லை என்று உறுதிசெய்தால் அதைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தலாம். புனலை ஒருபோதும் கூடாது. வீட்டுச் சுவரை நாளைக்கு இடிக்கும்போது அந்தத் தூள் யார் மூச்சுக்குள் போகும்?

சட்டம் என்ன செய்கிறது? 2022-ல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 106 வகைப் பொருட்களைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. தயாரிப்பாளர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதன்பின் 80 சதவீதம் என்று மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கி இந்தக் கணக்கைக் காட்டலாம். சான்றிதழ் எதன் பேரில் தரப்படுகிறது? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. அதாவது ஏற்கெனவே விலை உள்ள உலோகங்கள். ஒரு ட்யூபின் புனல் கண்ணாடியை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குச் சான்றிதழில் ஒரு கிராம்கூட வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. அதே விதிகளில் காரீயம், பாதரசம் போன்றவற்றுக்கு வரம்பு விதிக்கும் பகுதியில் ட்யூப் கண்ணாடியின் காரீயத்துக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. காரீயம் இல்லாமல் ட்யூப் செய்ய முடியாது என்பதால் விலக்கு நியாயம்தான். ஆனால் உள்ளே வர விலக்கு கொடுத்த பொருளுக்கு வெளியே போக வழி வைத்திருக்க வேண்டாமா?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. உடையாத ட்யூபுக்குக் காசு கொடுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. நீலகிரி மாவட்டத்தில் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் குத்திய பாட்டில்கள் கடைக்கே திரும்பி வரத் தொடங்கின. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது போனது. அங்கே வேலை செய்தது விழிப்புணர்வுப் பலகை அல்ல, அந்தப் பத்து ரூபாய். டிவிக்கு முன்பணம் வாங்கவில்லை என்பதால் அந்தத் தொகையை இப்போது தயாரிப்பாளர் பொறுப்பு நிதியிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோதான் கொடுத்தாக வேண்டும். தொகை எவ்வளவு என்பதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும். நிபந்தனை மட்டும் மாறக் கூடாது: கழுத்து முதல் முகப்பு வரை முழுசாக இருக்கும் ட்யூபுக்கு மட்டுமே பணம். உடைந்ததையும் வாங்க வேண்டும், ஆனால் காசில்லாமல்.

இப்படிச் செய்தால் காயலான் கடைக்காரரின் தொழில் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. யோக்கை எடுக்க ட்யூபை உடைக்க வேண்டிய அவசியமே கிடையாது. டிவி மெக்கானிக் எவரைக் கேட்டாலும் சொல்வார். முதலில் பிளக்கை உருவிவிட்டு, இன்சுலேஷன் உள்ள ஸ்குரூடிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை ட்யூபின் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் எர்த் பின்னலில் கவ்வவைக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் முனையை புனலில் ஒட்டியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்து, உள்ளே உள்ள உலோகத்தைத் தொட வைத்தால் தேங்கியிருக்கும் மின்சாரம் ‘சட்’டென்று இறங்கும். சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு முறை இறக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடிக்குள் ஊறிய மின்னேற்றம் மெல்லத் திரும்பி வரும். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரையும் இறக்காமல் போர்டில் கை வைக்கக் கூடாது. அதில் 300 வோல்ட் நிற்கும்.

பிறகு கழுத்து நுனியில் உள்ள சிறு போர்டை நேராகப் பின்னுக்கு இழுத்து எடுக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் கழுத்து ஒடியும். அடுத்து, கழுத்தைச் சுற்றி இருக்கும் காந்த வளையங்களின் ஸ்குரூவைத் தளர்த்தி உருவ வேண்டும். யோக்கின் கிளாம்ப் ஸ்குரூவையும் தளர்த்தியபின், யோக்குக்கும் புனலுக்கும் இடையே ஒட்டியிருக்கும் மூன்று ரப்பர் ஆப்புகளைத் தட்டையான ஸ்குரூடிரைவரால் பெயர்த்தால் யோக் முழுசாகக் கையில் வந்துவிடும். பழகியவருக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. செம்பும் சிதையவில்லை, கண்ணாடியும் உடையவில்லை. முழு ட்யூபுக்குப் பணம் உண்டென்றால் சுத்தியலைத் தொட யாருக்கும் காரணமில்லை. பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இதை யாரும் செய்யக் கூடாது. வீட்டில் தாமே முயலவும் கூடாது. இதைச் செய்யவேண்டியவர்கள் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும்தான். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்தால் போதும். இத்தொழிலில் இருப்பவர்களைப் பதிவு செய்து பயிற்சி கொடுக்கும் பொறுப்பை விதிகளே மாநில அரசிடம் ஒப்படைத்திருக்கின்றன.

எங்கே வாங்குவது? ரேஷன் கடையில். மாநிலத்தில் ஏறத்தாழ 35,000 ரேஷன் கடைகள். ஒன்றரைக் கோடிப் பெட்டியைப் பகிர்ந்தால் கடைக்கு 430. ஏற்கெனவே உடைந்து போனவை நீங்கலாக மீதி வரும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில் 70 பெட்டி ஏற்றலாம். அதற்குமேல் எடை தாங்காது. ஆக, ஒரு கடைக்கு அதிகபட்சம் ஆறு நடை. மாதம் ஒரு சனிக்கிழமை என்று வைத்தால் ஓராண்டுக்குள் முடியும் வேலை. அரிசி வைக்கும் அறைக்குள் இவற்றை வைக்கவே கூடாது. வண்டி நிற்கும் நாளில், வண்டியிலேயே நேராக ஏற்ற வேண்டும். தராசு அங்கேயே இருக்கிறது. முழுப் பெட்டி 10 கிலோ காட்டும். ட்யூபை உருவிவிட்டு வெறுங்கூட்டைக் கொண்டுவந்தால் பாதிதான் காட்டும். 

ஏற்றுவதில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகும். பெட்டிகளைக் கூட்டோடு ஏற்றினால் திரைப்பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். எடையெல்லாம் முன்பக்கம் இருப்பதால் நிமிர்த்தி வைத்தால் சாய்ந்து விழும். கூடு இல்லாத வெறும் ட்யூபானால் கம்பிவலைக் கூண்டிலோ மரப்பெட்டியிலோ முகம் கீழே, கழுத்து மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே தார்ப்பாய் அவசியம். மழையில் நனைந்த உடைசல் கண்ணாடியிலிருந்து வடியும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல.

மாவட்டத்துக்கு ஒரு கொட்டகை போதும். கூரையும், வெடிப்பில்லாத சிமென்ட் தரையும், கழுவும் நீர் வெளியே ஓடாமல் தொட்டியில் சேரும் அமைப்பும் வேண்டும். அங்கே முதல் வேலை ட்யூபுக்குள் காற்று விடுவது. கழுத்து நுனியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சிறு கண்ணாடி முளை தெரியும். அதைத் துணி போர்த்திக் கட்டிங் பிளேயரால் கிள்ளினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். சத்தம் நின்றபின் அந்த ட்யூப் வெடிக்காது. அதன்பின் முகப்பைச் சுற்றி இறுக்கியிருக்கும் இரும்புப் பட்டையை அறுத்தெடுத்து, முகப்பும் புனலும் சேரும் இடத்தில் ஹீட்டரில் இருப்பது போன்ற நிக்ரோம் கம்பியைச் சுற்றிச் சூடேற்ற வேண்டும். சூடும் குளிரும் மோதுவதில் கண்ணாடி அந்தக் கோட்டிலேயே விரிசல் விட்டுப் பிரியும். பற்றுக் கண்ணாடி புனலோடு போக வேண்டும், முகப்போடு ஒட்டியிருந்தால் முகப்பும் கெட்டது. உள்ளே இருக்கும் துளைத்தகடு இரும்போடு சேர்க்கலாம். பாஸ்பர் தூளை நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியால் மட்டுமே எடுக்க வேண்டும். துடைப்பம் கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது, அது தூளைப் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும். வேலை செய்பவர்களுக்கு முகக்கவசமும், தனி உடையும், வீட்டுக்குப் போகுமுன் குளிக்க இடமும், குறித்த காலத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் காரீய அளவுப் பரிசோதனையும் கட்டாயம். காரீயம் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் அப்பாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான்.

பிளாஸ்டிக் கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கலாம். அந்தக் கூட்டை அரைத்துப் பொம்மையும் டிபன் டப்பாவும் செய்வது தவறு. பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 160 கிராம் உப்பைக் கரைத்து, பிளாஸ்டிக் சில்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் மிதக்கும், புரோமின் கலந்தது அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும். சுண்ணாம்பும் டால்க்கும் கலந்ததும் மூழ்கும்தான். அதனால் மூழ்கியது எல்லாம் நஞ்சு என்று பொருளல்ல. ஆனால் மூழ்கிய எதையும் மறுபடி புழக்கத்துக்கு விடாமல் இருப்பதே பாதுகாப்பு.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் ஒரு நிறுவனம், உலை கட்டிக் காரீயத்தைப் பிரிக்கப் போகிறேன் என்று சொல்லி ட்யூப் கண்ணாடியைக் காசு வாங்கிக்கொண்டு குவித்தது. உலை ஓடவேயில்லை. 2016-ல் பல்லாயிரம் டன் கண்ணாடியைக் கிடங்குகளில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கண்ணாடியை வாங்கும்போதே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதுதான் தவறு. நம் மாநிலத்தில் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் நேரம், உருக்காலையோ நிலநிரப்போ எடை போட்டுச் சீட்டுக் கொடுத்த பிறகாக இருக்கட்டும். கிடங்கில் 90 நாளுக்கு மேல் எந்தக் கண்ணாடியும் நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

மத்திய அரசு செய்யவேண்டியது, சான்றிதழ் கணக்கில் காரீயக் கண்ணாடியையும் ஐந்தாவதாகச் சேர்ப்பது. சேர்த்த மறுநாளே அதற்கு ஒரு விலை பிறந்துவிடும். மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2011-க்குப் பின் கொடுக்கப்பட்ட 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளும் இப்போது வரிசையில் நிற்கின்றன. அவற்றில் கவலைக்குரியது லித்தியம் பேட்டரி. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகரப் பெட்டியில் வீட்டுக்கு வெளியே நிழலில் வைக்கலாம். இதற்கென 2022-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. மிக்சி, கிரைண்டர், மின்விசிறியில் செம்பும் இரும்பும் நிறைய இருப்பதால் அவை தாமே வழி கண்டுகொள்ளும். அதற்கு முன் பழுது பார்ப்பது லாபம். மிக்சியில் கார்பன் பிரஷ், கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இவ்வளவுதான் பெரும்பாலான நேரம்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிவியை அவசரப்பட்டு எறிய வேண்டாம். செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகினால் அது இன்னும் படம் காட்டும். திடீரென்று படம் சுருங்குவதற்கும் தட்டினால் தெரிவதற்கும் பெரும்பாலும் காரணம், ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் கால்களில் சூட்டால் விட்டுப்போன பற்று (சால்டர்)தான். மெக்கானிக்கிடம் கொடுத்தால் மறுபற்று வைத்துத் தருவார். செத்துப்போன பெட்டி என்றால் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நனையாத இடத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் அப்படியே வைத்திருங்கள். ஓரிரு ஆண்டு அது அங்கே இருப்பதால் தீங்கில்லை. உடைத்தால்தான் தீங்கு. கைதவறி உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து, முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டு, பெரிய துண்டுகளைக் கையாலும் தூளை ஈரத்துணியாலும் எடுத்து, துணியையும் சேர்த்துத் தடித்த வாளியில் மூடி வையுங்கள். பெருக்கக் கூடாது.

போகிக்கு முந்தைய வாரம்தான் வீட்டுப் பரண்கள் காலியாகும் காலம். பழையன கழிதல் என்று டிவி வயரையும் போர்டையும் தீயில் போடுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. உள்ளே இருக்கும் செம்பு அந்தக் குளோரினை டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சாக மாற்றும் வினையைத் தூண்டுகிறது. வெறும் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிட வயரை எரிப்பது கொடியதாவது இதனால்தான். பல உள்ளாட்சிகள் போகிக்கு முன் பழைய பொருட்களை வாங்க வண்டி அனுப்புகின்றன. அந்த வண்டியோடு டிவிக்கென்று இன்னொரு வண்டி போகட்டும்.

முழு மாநிலத்துக்கும் திட்டம் தீட்ட நாளாகும். ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உணவுப் பொருள் வழங்கல் துறையும் சேர்ந்து இந்த மார்கழியில் ஒரே ஒரு தாலுகாவை எடுத்துக்கொள்ளட்டும். அங்கே எத்தனை பெட்டி வந்தது, அதில் எத்தனை முழுசாக வந்தது, ஒரு ட்யூபுக்கு எவ்வளவு செலவானது, கண்ணாடி கடைசியில் எந்த வாயிலில் இறங்கியது என்ற நான்கு எண்களை மட்டும் தை மாத முடிவுக்குள் பத்திரிகைகளில் வெளியிடட்டும். தொகை எவ்வளவு வைப்பது, நடை எத்தனை விடுவது என்பதையெல்லாம் அந்த நான்கு எண்களைக் கொண்டு தீர்மானித்துவிடலாம்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுபார்ப்பு மற்றும் கழிவுப் பிரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
மதுரை.